அரிசிக்குள் கிடந்த அட்டியல்

"நம்மட அரிசிக்குள்ள என்ன தங்கமா கிடக்கு?"

மச்சான் இதைச் சொல்லிச் சிரிக்கும் வீடியோ இன்னும் என் போனில் இருக்கிறது. இடம் போதவில்லை என்று போன் முறைப்பாடு வைக்கும்போதெல்லாம் பிள்ளைகளின் பிறந்தநாள் படங்களைக்கூட அழித்திருக்கிறேன். இதை மட்டும் தொடவில்லை. மனம் சோர்ந்த நாட்களில் சிலர் பாட்டுக் கேட்பார்கள். நான் இதைப் போட்டுப் பார்ப்பேன்.

மச்சான் என் ராத்தாவின் கணவர். எங்கள் ஊர்ப் பக்கம் அக்காவை ராத்தா என்போம். இங்கே அவரை 'அவர்' என்றே எழுதப் போகிறேன். அந்த மரியாதை ராத்தாவுக்கு உரியது. தவறிப்போய் அவர் மேல் விழுகிறது, அவ்வளவுதான்.

நான் பல்கலைக்கழகத்தில் படிப்பிக்கிறேன். ரேடியோ அலையால் பொருட்களைச் சூடாக்குவது என் ஆராய்ச்சி. இதைச் சொன்னால் ஊரில் எல்லாருக்கும் சமையலறை மைக்ரோவேவ்தான் ஞாபகம் வரும். இரண்டும் ஒரே குடும்பம், மறுக்கவில்லை. மைக்ரோவேவ் அலை நீளம் குறைந்தது. அரிசிக் குவியலுக்குள் கொஞ்சத் தூரம் போவதற்குள் களைத்துவிடும். நான் பயன்படுத்தும் அலை அதைவிடப் பல மடங்கு நீளம், உள்ளே ஆழமாகப் போகும். இரண்டு உலோகத் தட்டுகள், நடுவில் அரிசி. தட்டுகளுக்கிடையே மின்புலம் கண் இமைப்பதற்குள் கோடிக்கணக்கான தடவை திசை மாறும். நீர் மூலக்கூறுகள் அதன் பின்னால் திரும்பித் திரும்பியே சூடாகிவிடும்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. காய்ந்த அரிசியில் நீர் குறைவு. அரிசி வண்டின் உடம்பில் நீர் அதிகம். ஆகவே முதலில் வேகுவது வண்டு. அரிசி இளஞ்சூட்டில் இருக்கும்போதே வண்டு செத்திருக்கும். மருந்துப் புகை தேவையில்லை, நாற்றமில்லை. அரிசி மணிக்குள் முட்டையாக ஒளிந்திருப்பதும் தப்பாது. இந்தத் துறை என் குணத்துக்குப் பொருந்திப்போனதில் அதிசயமில்லை என்று என் கணவர் சொல்வார். அவர் சொல்வது சரிதான். எனக்குத் தீங்கு செய்தவர்களை நான் மறப்பதில்லை.

உலகம் முழுக்க இந்தத் துறையில் இருப்பவர்கள் இப்போது ஒரே தொல்லையோடுதான் மல்லுக்கட்டுகிறார்கள். சூடு சமமாகப் பரவாது. ஓரங்கள் தீய்ந்துபோகும், நடுப்பகுதி பின்தங்கும். சிலர் அதிர்வெண்ணை ஓடிக்கொண்டிருக்கும்போதே மாற்றிப் பார்க்கிறார்கள், சிலர் தட்டுகளை வளைத்துப் பார்க்கிறார்கள். அந்த வசதிகளெல்லாம் எனக்கு எங்கே? கொழும்பில் மழைக்கோட்டு ஒட்டும் தொழிற்சாலை ஒன்றை மூடினார்கள். பிளாஸ்டிக்கை ஒட்டுவதும் இதே அலைதான். அங்கிருந்து ஒரு பழைய பெட்டியை வாங்கி வந்தேன். அரிசியை நகரும் பட்டியில் ஓடவிட்டு, பாதி வழியில் கிளறவிட்டு, மேலே சூடான காற்றும் ஊதச் செய்தேன். மூன்றும் சேர்ந்தபோது சூடு ஓரளவுக்குச் சமமாயிற்று.

மெஷினை வைத்தது ராத்தாவின் வளவில், அவளுடைய வீட்டுக் காணியில். எங்கள் கரையோர ஊர்களில் வீடும் வளவும் பெண்ணுக்குத்தான் எழுதுவார்கள். மாப்பிள்ளைதான் வந்து சேருவார். கடல் வந்து பழைய வீட்டைக் கொண்டுபோன பிறகு வாப்பா சாய்ந்தமருதின் வயல் பக்கமாக ஒரு துண்டு வாங்கி, முன்னால் வீடும் பின்னால் நெல் குற்றும் மில்லும் கட்டி ராத்தாவுக்குக் கொடுத்தார். மச்சான் கல்முனையிலிருந்து ஒரு சூட்கேசோடு வந்தார். மில்லைப் பார்த்துக்கொண்டார். நன்றாகவே பார்த்துக்கொண்டார், அதையும் சொல்லத்தான் வேண்டும். மில்லோடு ஒட்டிய கொட்டிலை எனக்குத் தந்தவரும் அவர்தான்.

முதல் தடவை மெஷினைப் போட்டபோது, அலை வெளியே கசியாமல் அதைச் சுற்றி உலோகக் கூடு கட்டியிருக்கவில்லை. அசர் தொழுகைக்குப் பாங்கு சொல்லப் போனால் பள்ளிவாசல் ஒலிபெருக்கி மாடு கத்துவதுபோல் கத்தியிருக்கிறது. பாங்கு சொன்ன மோதினார் நேராக எங்கள் வளவுக்கு வந்துவிட்டார். மச்சான் அவரைப் பார்த்துக் கையை விரித்து, "எனக்கு ஒண்டும் தெரியா. எல்லாம் மச்சிர வேல" என்றார். மச்சி என்பது நான்தான். அந்த நாளில் அது என் வேலையாகத்தான் இருந்தது.

கூடு கட்டினேன். அரிசியைக் கொட்டும் வாயில் ஒரு வலைச் சல்லடையும் வைத்தேன். கதையே அந்தச் சல்லடையில்தான் இருக்கிறது.

எங்கள் பெண்கள் நகையை அலுமாரியில் வைக்க மாட்டார்கள். அரிசிச் சாக்குக்குள் வைப்பார்கள். சண்டைக் காலத்தில் ஊரைவிட்டு ஓட வேண்டி வந்தால் ஒரு சாக்கைத் தூக்கினால் போதும், சோறும் நகையும் ஒன்றாக வந்துவிடும். வீட்டைச் சோதிக்க வருபவனும் அரிசிக்குள் தோள் வரை கையைவிட மாட்டான். சண்டை முடிந்தது, கடலும் வந்து போனது, பழக்கம் மட்டும் போகவில்லை. துணியில் முடிந்தும் வைக்க மாட்டார்கள், தேடுகிற கைக்கு முடிச்சு தட்டுப்படுமே. வெறுமனே அரிசிக்குள் விட்டு அடியில் தள்ளிவிடுவார்கள்.

உலோகத் தட்டுகளுக்கு நடுவே கொக்கியும் முனையுமாக ஒரு சங்கிலி போனால் என்னவாகும் என்று எனக்குத் தெரியும். புலம் முழுவதும் அந்த முனைகளில் போய்க் குவியும். காற்று தாங்காது. நீலமாக ஒரு மின்னல் வெட்டும், சுற்றியுள்ள அரிசி கரியாகும். மில்லில் இருக்கும் காந்தம் ஆணியைப் பிடிக்கும், தங்கத்தைப் பிடிக்காது. ஆகவே சல்லடை. இந்த மெஷினை வேறு நாட்டில் செய்திருந்தால் அதை வைத்திருக்க மாட்டேன். எங்கள் பெண்களுக்காகவே வைத்தது.

மெஷின் வேலை செய்தது. வண்டு விழுந்த அரிசியைப் போட்டு எடுத்து, போத்தலில் அடைத்துப் பல வாரம் வைத்துப் பார்த்தோம். ஒன்றும் ஊரவில்லை. சம்மாந்துறையிலிருந்து மில்காரர்கள் வந்து பார்த்தார்கள். கொஞ்சம் கொஞ்சமாக மச்சானின் பேச்சு மாறியது. முதலில் "மச்சிர மெஷின்" என்றார். பிறகு "எங்கட மெஷின்." ஒரு நாள் விரிவுரை முடிந்து வந்து பார்க்கிறேன், கொட்டிலில் புதுப் பூட்டு தொங்குகிறது. அன்று மாலையே வீடியோ வந்தது. வெள்ளைச் சேட்டுப் போட்டு, மெஷின் மேல் கை வைத்து, இரவு பகலாகத் தான் பாடுபட்ட கதையைச் சொல்கிறார். கேட்ட எனக்கே அவர்மேல் இரக்கம் வந்தது. வீடியோ எடுத்தவர் என்னைப் பற்றிக் கேட்கிறார். மச்சான் சிரிக்கிறார்.

"மச்சிக்குச் சமையலறை மைக்ரோவேவ் நல்லாத் தெரியும். அதுல சின்னச் சின்ன உதவி செஞ்சவ."

அதற்குப் பிறகு சல்லடையைக் கழற்றித் தரையில் போட்டிருப்பதைக் காட்டுகிறார். அது அரிசி ஓட்டத்தைத் தாமதப்படுத்துகிறதாம், தான் அதைத் திருத்திவிட்டாராம். அப்போதுதான் அந்த வசனம். தங்கமா கிடக்கு?

ஆத்திரத்தோடு ராத்தாவிடம் போனேன். அவள் மீன் துப்புரவாக்கிக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தாமலே சொன்னாள்.

"குடும்பத்துக்குள்ளதானே புள்ள. யார்ர பேரைப் போட்டா என்ன?"

"உங்கட வீட்டை என்ட பேர்ல எழுதித் தாங்களன். குடும்பத்துக்குள்ளதானே."

"உனக்கு வாய் கூடிப் போச்சி."

அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. அந்த வீட்டில் என் பக்கம் நிற்க ஒருவரும் இல்லை என்று தெரிந்துகொண்டேன். வெளியே வரும்போது கொட்டிலின் பூட்டைக் கையால் ஒரு தடவை ஆட்டிப் பார்த்தேன். என் மெஷினை என் கைக்கு எடுப்பேன், அதற்கு முன் இந்த மனிதர் ஊர் பார்க்க மூக்கறுபட வேண்டும் என்று கறுவிக்கொண்டேன். எது முதலில் நடக்க வேண்டும் என்று கேட்டிருந்தால் மூக்கைத்தான் சொல்லியிருப்பேன்.

கொஞ்ச நாளில் ராத்தாவே என்னைத் தேடி வந்தாள். மச்சான் இரண்டாவது மெஷின் போட ஆசைப்படுகிறாராம். அவளுடைய நகையை ஈடு வைக்கத் தரச் சொல்கிறாராம். உம்மாவிடம் கொடுத்துவிட்டதாக அவள் பொய் சொல்லியிருக்கிறாள்.

"எங்க வெச்சிரிக்கீங்க?" என்று கேட்டேன்.

"வேற எங்க? அரிசிக்குள்ளதான். வாப்பா போட்ட அட்டியல் இல்லியா, அதைக் குடுக்க எனக்கு ஏலா." கழுத்தைத் தொட்டுக்கொண்டாள். அட்டியல் என்றால் கழுத்தை ஒட்டி அணியும் கல் பதித்த மாலை. கல்யாணத்தன்று அதைப் போட்டுக்கொண்டு அவள் உட்கார்ந்திருந்த கோலம் எனக்கு நினைவிருக்கிறது.

சல்லடை கழன்று கிடப்பதை நான் அவளுக்கு நினைவுபடுத்தவில்லை. அந்த நகைக்கும் சல்லடைக்கும் உள்ள தொடர்பை அவள் யோசித்திருக்கவில்லை. நான் யோசித்தேன். ஆனால் வீட்டுச் சாக்கு மெஷினுக்கு ஏன் வரப் போகிறது?

பெரும்போக அறுவடை முடிந்ததும் மச்சான் ஒரு நாள் குறித்தார். மில்காரர்கள், அரிசி மொத்த வியாபாரிகள், வீரமுனைப் பக்கத்து விவசாயிகள் எல்லாருக்கும் அழைப்பு. எனக்குப் போன் எடுத்தார். "மச்சி, வந்து ஓரமா நில்லுங்க. ஆராவது இங்கிலீசுல கேள்வி கேட்டா எனக்குக் காதுக்குள்ள சென்னாப் போதும்." பல்லைக் கடித்துக்கொண்டு சரி என்றேன். தட்டுகளுக்கிடையே உள்ள இடைவெளியை அரிசியின் ஈரத்துக்கு ஏற்ப மாற்ற அவருக்குத் தெரியாது. அரிசி சூடேறாமல் அவர் நின்று அசடு வழியப் போகிறார், அதைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்பதுதான் என் ஆசை.

வழியவில்லை. நான் முன்பு வைத்துவிட்டுப் போன அளவை அவர் தொடவே இல்லை. அதே இனம் அரிசியை, அதே அளவு காயவைத்துப் போட்டார். மறுபக்கம் செத்த வண்டுகளோடு வந்தது. கை தட்டினார்கள். வளவின் பின்புறம் ராத்தாவும் மற்றப் பெண்களும் புரியாணிச் சட்டியோடு நின்றார்கள். நான் ஆண்களுக்குப் பின்னால் சுவரோடு நின்றேன்.

அப்போது சம்மாந்துறை மில்காரர் ஒருவர், பருத்த மனிதர், வாயில் வெற்றிலையோடு எழும்பினார்.

"இது நீங்க ஆயத்தம் பண்ணி வெச்ச அரிசி. வேற போட்டுக் காட்டுங்க. உங்கட வீட்டு அரிசில வண்டு இல்லியா?"

எல்லாரும் சிரித்தார்கள். மச்சானும் சிரித்தார். "ஏன் இல்லாம? மெஷின்காரன்ட வீட்டுலதான் வண்டு கூட" என்று சொல்லிக்கொண்டு தானே வீட்டுக்குள் போனார். தோளில் ஒரு சாக்கோடு திரும்பி வந்தார்.

சாக்கின் வாய் மருதமுனையில் நெய்த சாரத்தின் கிழிந்த கரையால் கட்டியிருந்தது. பச்சைக் கரை. அந்த முடிச்சு ராத்தாவின் முடிச்சு. சின்ன வயதிலிருந்து எனக்குச் சட்டை நாடா கட்டிவிட்ட கை அது.

உண்மையாகவே பயந்தேன். ராத்தாவைத் தேடினேன். அவள் சட்டிப் பக்கம் குனிந்திருந்தாள், புகைக்குள் முகம் தெரியவில்லை. கூப்பிடும் தூரம்தான். இரண்டு அடி முன்னால் வந்தேன்.

"மச்சான், அந்த அரிசியப் போடாதீங்க."

சத்தமாகச் சொல்லவில்லை. கேட்கக் கூடாது என்ற நிய்யத்தோடு சொன்னேன். ஆனாலும் அவருக்குக் கேட்டுவிட்டது. கேட்டதும் அவர் செய்தது என்ன தெரியுமா? எல்லாப் போன்களும் தன் பக்கம் திரும்பியிருக்கின்றனவா என்று ஒரு தடவை சுற்றிப் பார்த்தார்.

"மச்சி, இது புரியாணி இல்ல. கொஞ்சம் ஒதுங்கி நில்லுங்க."

மறுபடியும் சிரிப்பு. நான் ஒதுங்கினேன். என் வாழ்க்கையில் யாருடைய சொல்லுக்கும் அவ்வளவு சந்தோஷமாகக் கட்டுப்பட்டதில்லை. சுவரோடு சாய்ந்து, கையைக் கட்டிக்கொண்டு, பட்டியில் அரிசி நகர்வதைப் பார்த்தேன்.

தட்டுகளுக்கு நடுவே முதலில் ஒரு சின்ன நீலப் பொறி. பிறகு படார் என்று ஒரு வெட்டு. மெஷின் உறுமி, நின்றது. நிற்கும்படி நான்தான் செய்து வைத்திருந்தேன். மின்னோட்டம் எல்லை மீறினால் தானாகவே அறுந்துவிடும். அதை மச்சானுக்காக வைக்கவில்லை, மெஷினுக்காக வைத்தேன். சோறு அடிப்பிடித்த நாற்றமும் புகையும் கொட்டிலை நிறைத்தன. வீரமுனை விவசாயி ஒருவர் "ஐயோ முருகா" என்றார், மற்றவர்கள் "அல்லாஹ்" என்றார்கள். எல்லாரும் வெளியே ஓடி, போனைப் பிடித்தபடியே திரும்பி உள்ளே வந்தார்கள்.

மச்சான் கரிந்த அரிசிக்குள் கையை விட்டார். இழுத்த கையோடு அட்டியல் வந்தது. பின்னாலேயே ஒரு காப்பு.

அதற்குள் ராத்தா ஓடி வந்துவிட்டாள், கையில் அகப்பையோடு. மச்சான் நகையையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். உம்மாவிடம் இருப்பதாகச் சொன்ன நகை.

"இது எப்பிடி இதுக்குள்ள வந்த?"

ராத்தா அந்தக் கூட்டத்தைப் பார்த்தாள். அவள் எதையாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம். உம்மா திருப்பித் தந்தா என்று சொல்லியிருந்தால்கூட எல்லாரும் நம்பியிருப்பார்கள். அட்டியலின் ஒரு பக்கம் உருகிச் சப்பையாகி, சிவப்புக் கல் ஒன்று வெடித்துப் போயிருந்தது. அதைக் கண்டதும் அவளுக்குச் சமாளிக்கும் மனம் போய்விட்டது.

"உங்களுக்கு ஒளிச்சித்தான் வெச்சேன்" என்றாள். "வேற ஆருக்கு?"

வெற்றிலைக்காரர் தொண்டையைச் செருமினார். பின்னால் யாரோ, "அரிசிக்குள்ள தங்கம் கிடக்குதான் போல" என்றார். அதற்கப்புறம் அடக்க முடியவில்லை. சிரித்துச் சிரித்துக் கண்ணீர் வந்த வயசாளிகளைப் பார்த்தேன். புரியாணியை வீணாக்கவில்லை, எல்லாரும், பலர் ஒன்றாகக் கைவைத்து உண்ணும் சஹன் தட்டுகளைச் சுற்றியிருந்து வயிறாரச் சாப்பிட்டுவிட்டு, போகும்போதும் சிரித்தார்கள். மாலைக்குள் பழைய வீடியோவையும் புது வீடியோவையும் ஒட்டி யாரோ ஊர் முழுக்க அனுப்பியிருந்தார்கள். அடுத்த வெள்ளிக்கிழமை மச்சான் ஜும்ஆவுக்கு வேறு பள்ளிக்குப் போனாராம். அங்கேயும் ஒருவர் அரிசி விலை கேட்டாராம். அதைக் கேள்விப்பட்ட அன்று எனக்கு மனம் குளிர்ந்தது. இரண்டாம் தடவை சொல்லச் சொல்லிக் கேட்டேன்.

கூட்டம் கலைந்த பிறகு ராத்தா மச்சானிடம் கையை நீட்டினாள்.

"சாவியத் தாங்க."

"என்ன சாவி?"

"கொட்டில்ர சாவி. இது என்ட வளவு."

அவர் என்னைப் பார்த்தார். நான் உதவுவேன் என்று எதிர்பார்த்தார்போல. நான் மெஷினின் கருகிய உலோகத் தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தேன். சாவியைக் கொடுத்துவிட்டு வெளியே போனார். ராத்தா அதை என் கையில் வைத்தாள். வைத்த கையை எடுக்காமல் கேட்டாள்.

"அந்தச் சாக்க நீ கண்டியா?"

"ஓம்."

"என்ட முடிச்சி எண்டு தெரிஞ்சதா?"

"தெரிஞ்ச. போடாதீங்க எண்டு சென்னேன்."

"நீ கத்தினா கடற்கரைக்குக் கேக்கும் புள்ள. எனக்கு உன்ட சத்தம் கேக்கல்லியே."

யார்ர பேரைப் போட்டா என்ன என்று நீங்கள் சொன்னீர்களே என்று என் வாய் வரை வந்தது. சொல்லவில்லை. சொல்லாமலே அவளுக்கு விளங்கியிருக்கும். கையை எடுத்துக்கொண்டு சட்டி கழுவப் போனாள்.

மெஷின் இப்போது என் பெயரில் ஓடுகிறது. தட்டை மாற்றினேன், சல்லடையைத் திரும்பப் பூட்டினேன். அரிசி கொண்டுவரும் பெண்களிடம் நகை இருக்கிறதா என்று கேட்பது இப்போது மச்சானின் வேலை. நான்தான் அதை அவருக்குக் கொடுத்தேன். ஒவ்வொருத்தியும் பதில் சொல்லுமுன் முந்தானைக்குள் சிரிக்கிறாள். அவருடைய காது சிவப்பதை நான் ஒரு நாளும் தவறவிடுவதில்லை.

அட்டியலை மட்டும் ராத்தா தட்டாரிடம் கொடுக்கவில்லை. திருத்தித் தருகிறேன் என்று நான் கேட்டும் தரவில்லை. பெருநாளைக்கும் கல்யாணங்களுக்கும் அதையே போட்டு வருகிறாள். மச்சானுக்குக் காட்டத்தான் போடுகிறாள் என்று ஊர் பேசிக்கொள்கிறது. எனக்கும் முதலில் அப்படித்தான் பட்டது, மகிழ்ந்தும் போனேன். ஆனால் எங்கள் கல்யாண வீடுகளில் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். மச்சான் அதைப் பார்ப்பதற்கு வழியே இல்லை. ராத்தா நேரே வந்து என் சஹனில் எனக்கு எதிராக உட்காருகிறாள். உருகிய பக்கம் முன்னால் வரும்படி அட்டியலைத் திருப்பிவிட்டுக்கொள்கிறாள். பிறகு நல்ல இறைச்சித் துண்டாகப் பார்த்து என் பக்கம் தள்ளி வைத்து, "தின்னு புள்ள" என்கிறாள்.